குழல் நீண்டது, கண்ணாடி அகன்றது

வாடகைக் கடையில் கிடைக்கும் குட்டிச் சைக்கிளில் ஓட்டக் கற்றுக்கொண்ட சிறுவன் ஒருநாள் அப்பாவின் பெரிய சைக்கிளில் ஏறுகிறான். அந்தச் சைக்கிள் நேர்ச்சாலையில் ஆடாமல் போகிறது. ஒரு மிதிக்கு முன்னைவிட அதிகத் தூரம் ஓடுகிறது. ஆனால் முதல் திருப்பத்திலேயே வேலி மேல் சாய்கிறான். வண்டியில் குறை ஒன்றும் இல்லை. அவன் கைகால்கள் இன்னும் பழைய சைக்கிளையே ஓட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். பனி மூடிய நாடுகளில் மலைச்சரிவில் சறுக்கி விளையாடுகிறவர்களும் இதையே சொல்வார்கள். குட்டைப் பலகையை விட்டு நீளமும் அகலமும் கூடிய சறுக்குப் பலகையைக் காலில் மாட்டினால் வேகத்தில் நல்ல நிலை கிடைக்கும். புதுப்பனியில் புதையாமல் மிதக்கும். ஆனால் திரும்புவதற்குப் பழைய அளவு விசை போதாது. உடம்பு மறுபடி பாடம் படிக்க வேண்டும்.

நம் பழனிமலைத் தொடரில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி வெளுக்கும் அளவுக்கு உறைபனி விழுவதுண்டு. சறுக்கி விளையாடும் அளவுக்குப் பனி கிடையாது. ஆயினும் அதே மலையின் மேல், கோடைக்கானல் ஊரையடுத்த ஓர் உச்சியில், நூறாண்டுக்கும் மேலாக வேறொரு வகைக் கருவி படிப்படியாக நீண்டும் அகன்றும் வந்திருக்கிறது. கதிரவனைப் பார்க்கும் தொலைநோக்கியைத்தான் சொல்கிறேன். அங்கேயும் பெரிய கருவி வந்தபோதெல்லாம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சைக்கிளில் தவறினால் முழங்கால் சிராய்க்கும், ஆறிவிடும். இங்கே தவறினால் சிராய்ப்பது நூறாண்டுக் குறிப்பேடு. கதிரவன் மாறினானா, அல்லது அவனைப் பார்த்த கருவி மாறியதா என்று பின்னால் வருகிறவர்களுக்குப் புரியாமலே போய்விடும்.

இந்தச் சிக்கல் எப்படி வந்தது, எப்படிச் சமாளித்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

பஞ்சத்தில் பிறந்த கூடம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் ஒரு வானாய்வுக்கூடம் இருந்தது. விண்மீன்களின் இடங்களை நுட்பமாக அளந்து பட்டியலிடுவதே அதன் முதன்மை வேலை. 1876இல் தொடங்கி 1878 வரை நம் நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் வானாய்வாளர்களின் கவனத்தை விண்மீன்களிலிருந்து கதிரவன் பக்கம் திருப்பியது. கதிரவன் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 10 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன என்று ஜெர்மானியரான ஷ்வாபே 1843இலேயே அறிவித்திருந்தார். அப்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ, இருந்தால் பஞ்சத்தை முன்கூட்டி அறியலாமோ என்ற எண்ணம் 1870களில் வலுத்தது. அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. புள்ளிகளை எண்ணி மழையைச் சொல்லும் முறை இன்றுவரை கைகூடவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையால் பிறந்த கூடம் மட்டும் நிலைத்துவிட்டது. அறிவியல் வரலாற்றில் இப்படித் தவறான வாசல் வழியாக நல்ல வீட்டுக்குள் நுழைந்த கதைகள் பல உண்டு.

சென்னையின் புழுதியும் கடற்கரைப் புழுக்கமும் கதிரவ ஆய்வுக்கு ஒத்துவரா. அரசு வானியலாளராக இருந்த மிக்கி ஸ்மித் மலையிடங்களைச் சோதித்துப் பார்த்துக் கோடைக்கானலைத் தேர்ந்தார். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 முதல் கூடம் செயல்படத் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரம். இன்று பேருந்தில் வளைந்து வளைந்து ஏறுகிற மோட்டார்ச் சாலை அன்று கிடையாது. கண்ணாடி, இரும்பு, பித்தளை எதுவானாலும் மலைப்பாதையில்தான் மேலே வர வேண்டும்.

107 என்னும் எண்

கருவிகளைப் பற்றிப் பேசுமுன் ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீட்டில் நடுப்பகலில் தரையைக் கவனித்திருப்பீர்கள். ஓட்டு இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும், கீழே விழும் ஒளி வட்டமாகவே இருக்கும். அது இடுக்கின் வடிவமன்று, கதிரவனின் படம். கதிரவன் நம்மிடமிருந்து இருக்கும் தொலைவு அதன் விட்டத்தைப் போல் சுமார் 107 மடங்கு. ஆகவே இடுக்கிலிருந்து தரை 3 மீட்டர் என்றால், அதை 107ஆல் வகுத்து வரும் 2.8 சென்டிமீட்டர்தான் அந்த வட்டத்தின் விட்டம்.

தொலைநோக்கியிலும் இதே கணக்குத்தான். ஆடியிலிருந்து படம் விழும் இடம் வரை உள்ள தொலைவைக் குவியத்தூரம் என்போம். குவியத்தூரத்தை 107ஆல் வகுத்தால் கதிரவப் படத்தின் விட்டம் கிடைக்கும். பெரிய படம் வேண்டுமா, கருவி நீள வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை. கருவி அகன்றாலோ வேறு பயன்: ஒளி அதிகம் சேரும், நுண்ணிய விவரங்களைப் பிரித்துக் காட்டும் ஆற்றல் கூடும். நீளம் படத்தின் அளவைத் தரும், அகலம் ஒளியையும் கூர்மையையும் தரும் என்று நினைவில் வைத்தால் போதும்.

கதவிடுக்கு வழியே தேர் பார்த்தல்

1904இல் கோடைக்கானலுக்குக் கேம்பிரிட்ஜ் அறிவியல் கருவி நிறுவனம் செய்த கதிரவ நிறமாலைப் படக்கருவி வந்தது. அது வேலை செய்யும் விதம் அழகானது. சாத்திய கதவின் இடுக்கில் கண்ணை வைத்துத் தெருவில் தேர் போவதைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நேரத்தில் ஒரு கீற்றுதான் தெரியும். தேர் முழுதும் கடந்து முடிந்தால், கீற்றுகளைச் சேர்த்து முழுத்தேரையும் மனத்தில் அமைத்துவிடலாம். இக்கருவியிலும் கதிரவப் படத்தின் ஒரு கீற்று மட்டும் ஒரு மெல்லிய பிளவு வழியே உள்ளே போகிறது. உள்ளே அது நிறமாலையாக விரிக்கப்படுகிறது. இரண்டாவது பிளவு அந்த நிறமாலையில் ஒரே ஒரு நிறத்தை மட்டும் வெளியே விடுகிறது. கீற்று கீற்றாகக் கதிரவன் முகம் முழுவதையும் கடந்தால், ஒளிப்படத் தட்டில் அந்த ஒரு நிறத்தில் மட்டும் எடுத்த முழுக் கதிரவன் உருவாகும்.

கோடைக்கானலில் தேர்ந்த நிறம் கால்சியத்தின் கே கோடு. ஊதாப் பகுதியில் 3934 ஆங்ஸ்ட்ராமில் உள்ளது. இரண்டாம் பிளவு விடும் அகலம் அரை ஆங்ஸ்ட்ராம். கே கோட்டின் நடுப்பகுதி கதிரவனின் மேல் அடுக்கான நிறமண்டலத்திலிருந்து வருகிறது. கோட்டின் ஓரங்களோ அதற்குக் கீழே உள்ள ஒளிமண்டலத்தைச் சேர்ந்தவை. அகலம் அரை ஆங்ஸ்ட்ராம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு உதவும்.

இக்கருவிக்கு ஒளியூட்டியது 46 சென்டிமீட்டர்க் கண்ணாடி கொண்ட ஒரு சிடரோஸ்டாட். அதாவது கதிரவனைத் தொடர்ந்து திரும்பி ஒளியை ஒரே திசையில் அனுப்பும் கண்ணாடி. அதையடுத்து 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள குக் ஆடி. குவியத்தூரம் ஆறே கால் மீட்டர் அளவு. 107ஆல் வகுத்துப் பாருங்கள்: கதிரவப் படம் 6 சென்டிமீட்டர். சிறு மாதுளை அளவுள்ள இப்படத்தில் நம் பூமியை வைத்தால் அரை மில்லிமீட்டர், ஒரு ரவைக் குருணை.

சிடரோஸ்டாட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒளியை ஒரே இடத்தில் நிறுத்தும். ஆனால் படம் அந்த இடத்திலேயே மெல்லச் சுழலும். காலை 8 மணிக்கு எடுத்த படத்தில் வடக்கு இருக்கும் இடம் வேறு, 10 மணிக்கு வேறு. ஆகவே ஒவ்வொரு தட்டிலும் கதிரவனின் முனைகளைக் குறித்து வைத்தார்கள். நேரத்தை ஒருவர் தவறாக எழுதிவிட்டால் புள்ளிகள் எல்லாம் இடம் மாறிவிடும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பின்வந்த ஆராய்ச்சி முழுவதும் அந்தச் சலிப்பூட்டும் வேலையின் மேல்தான் நிற்கிறது.

1907இல் ஜான் எவர்ஷெட் இங்கே வந்து சேர்ந்தார். கருவிகளைத் தம் கையாலேயே அமைத்துக்கொள்வதில் வல்லவர். 1909 ஜனவரி 5 அன்று கதிரவப் புள்ளிகளின் நிறமாலையில் கோடுகள் சற்றே சாய்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வாயு வழிந்தோடுகிறது என்பது அதன் பொருள். வேகம் நொடிக்கு 2 கிலோமீட்டர் அளவு. இதை எவர்ஷெட் விளைவு என்று உலகம் சொல்கிறது. 1911 முதல் 1923 வரை அவரே இயக்குநராகவும் இருந்தார். அவர் காலத்தில் ஹைட்ரஜனின் சிவப்பு நிறத்தில் நாள்தோறும் படம் எடுக்கும் இரண்டாம் கருவியும் சேர்ந்தது.

இவற்றோடு வெள்ளொளியில் புள்ளிகளைப் படமெடுக்கும் வேலையும் 1904 முதல் நடந்துவந்தது. முதலில் அதன் ஆடி 10 சென்டிமீட்டர் அகலம். 1918 முதல் 15 சென்டிமீட்டர் ஆடி. முதல் 'அகலப் பெருக்கம்' இதுவே. தட்டின் மேல் விழும் கதிரவப் படத்தை மட்டும் முன்போலவே 20 சென்டிமீட்டர் விட்டத்தில் வைத்தார்கள். பார்ப்பதற்குப் படம் அதேதான்; அகன்ற ஆடியோ இன்னும் சிறிய விவரத்தைப் பிரித்துக் காட்ட வல்லது. முன்பு ஒன்றாய்த் தெரிந்த இரு சிறு புள்ளிகள் இப்போது இரண்டாய்த் தெரியக்கூடும். 1918க்குப் பின் புள்ளிகள் கூடினவா, கண் கூர்மையானதா என்று கேட்கவேண்டிய நிலை அன்றே வந்துவிட்டது.

ஜூரிச்சில் இருவர் எண்ணியது

இதே கேள்வியை வேறோர் ஊரில் அதற்கு முன்பே ஒருவர் எதிர்கொண்டிருந்தார். சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் வோல்ஃப் 1840களின் இறுதியில் புள்ளிகளை நாள்தோறும் எண்ணத் தொடங்கியவர். அவருடைய கருவி 8 சென்டிமீட்டர் ஆடி கொண்ட ஒரு சிறு தொலைநோக்கி. மிகச் சிறிய புள்ளிகளை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அவருக்கு உதவியாளராக வந்த ஆல்ஃப்ரெட் வோல்ஃபர் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எண்ணினார். சிறியதை ஏன் விட வேண்டும் என்பது அவர் வாதம். நியாயமான வாதமும் கூட. ஆனால் அப்படியே விட்டிருந்தால் வோல்ஃப் மறைந்த மறுநாள் கதிரவனில் புள்ளிகள் திடீரெனப் பெருகியதாகப் பதிவேடு காட்டியிருக்கும்.

நல்லகாலமாக 1877 முதல் 1893 வரை இருவரும் ஒரே காலத்தில் தனித்தனியே எண்ணினார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது வோல்ஃபரின் எண்ணை 0.6ஆல் பெருக்கினால் வோல்ஃபின் எண்ணோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்தது. அந்த 0.6 நூறாண்டுக்கும் மேல் உலகக் கணக்கில் இருந்தது. 2015இல் முழு வரிசையையும் திருத்தி வெளியிட்டபோதுதான் அதை நீக்கி, வோல்ஃபரின் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொண்டார்கள். பழையவரும் புதியவரும் ஒரே வானத்தின் கீழ் சில ஆண்டுகள் சேர்ந்து உழைத்திராவிட்டால் எந்தக் கணித மேதையாலும் அந்த எண்ணைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மலைக்குள் 60 மீட்டர்

இனிக் கோடைக்கானலின் பெரிய பாய்ச்சலுக்கு வருவோம். 1946 முதல் 1960 வரை இயக்குநராக இருந்த அனில் குமார் தாஸ் காலத்தில் இங்கிலாந்தின் கிரப் பார்சன்ஸ் நிறுவனத்திடமிருந்து ஒரு பெரிய கதிரவத் தொலைநோக்கி வரவழைக்கப்பட்டது. 1960இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு அதை ஆய்வுக்குக் கொண்டுவந்தார். 11 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் 61 சென்டிமீட்டர்க் கண்ணாடிகள். அவை கதிரவ ஒளியைக் கீழே இறக்கி, தரைக்கடியில் கிடைமட்டமாக ஓடும் 60 மீட்டர்ச் சுரங்கத்துக்குள் திருப்பிவிடுகின்றன. அங்கே 38 சென்டிமீட்டர் அகல ஆடி. குவியத்தூரம் 36 மீட்டருக்கு மேல்.

மறுபடி 107ஆல் வகுக்கலாம். கதிரவப் படம் 34 சென்டிமீட்டர்! முன்பு மாதுளை; இப்போது ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டு. பூமி இதில் 3 மில்லிமீட்டர். படத்தின் ஒரு மில்லிமீட்டர் பழைய கருவியில் கதிரவனின் 23,000 கிலோமீட்டரைக் காட்டியது. புதியதில் 4,100 கிலோமீட்டரைக் காட்டும்.

உடனே எல்லாம் ஐந்து மடங்குக்கு மேல் தெளிவாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய சைக்கிளின் திருப்பம் இங்கேதான் வருகிறது.

முதலில் ஒளி. படத்தின் பரப்பு 32 மடங்கு பெருகிற்று. ஆனால் 30 சென்டிமீட்டர் ஆடிக்கும் 38 சென்டிமீட்டர் ஆடிக்கும் சேரும் ஒளியில் உள்ள வேறுபாடு 1.6 மடங்குதான். அதாவது சற்றே அதிகமான நெய்யை மிகப் பெரிய தோசையில் தடவியது போல. ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் ஒளி ஏறக்குறைய 20இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கதிரவன் போதிய ஒளியுள்ளவன் ஆயிற்றே என்பீர்கள். உண்மை, ஆனால் அந்த ஒளியை நிறமாலையாக மிக அகலமாக விரித்து, அதில் ஒரு நூலளவை மட்டும் எடுக்கும்போது ஒளிப்பஞ்சம் கதிரவ ஆய்வாளனுக்கும் வரும்.

அடுத்தது காற்று. வெயில் ஏற ஏறத் தார்ச்சாலை மேல் கானல் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நெளிவு மலைமேலும் உண்டு. காற்றின் நடுக்கம் படத்தை 2 ஆர்க் விநாடி அளவு அசைக்கிறது என்று கொள்வோம். ஓர் ஆர்க் விநாடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. 6 சென்டிமீட்டர்ப் படத்தில் அந்த அசைவு 0.06 மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. 34 சென்டிமீட்டர்ப் படத்திலோ மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கண்ணுக்கு நன்றாகவே தெரியும். புதிய கருவி நடுக்கத்தை உண்டாக்கவில்லை, இருந்ததைப் பெரிதாக்கிக் காட்டியது. கோபுரத்தை உயர்த்தியது தரையை ஒட்டிய சூடான காற்றைத் தவிர்க்க. ஒளிப்பாதையைத் தரைக்கடியில் வைத்தது வெப்பநிலை மாறாமல் காக்க. கண்ணாடிகளை உருகிய குவார்ட்சில் செய்தது, வெயிலில் அது மிகக் குறைவாகவே விரியும் என்பதால். இத்தனைக்கும் பிறகு வெளியே இருக்கும் வானத்தை என்ன செய்ய முடியும்? தரை சூடேறுமுன் கிடைக்கும் காலை நேரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது மாற்றம் நல்லது. புதிய கோபுரத்துக் கண்ணாடி அமைப்பின் பெயர் சீலோஸ்டாட். அதில் படம் சுழல்வதில்லை. சிடரோஸ்டாட்டோடு பல்லாண்டு பழகியவர்களுக்கு வடக்கு வடக்கிலேயே நிற்பது ஒரு விடுதலையாக இருந்திருக்கும்!

இவ்வளவுக்கும் கிடைத்த பலன் என்ன? சுரங்கத்தின் உள்ளே 18 மீட்டர் நீள நிறமாலைக் கருவி ஒன்று உள்ளது. அதன் ஐந்தாம் வரிசையில் ஓர் ஆங்ஸ்ட்ராம் 9 மில்லிமீட்டராக விரிகிறது. எவர்ஷெட் கண்ட நொடிக்கு 2 கிலோமீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியின் வேகம் நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர். ஆகவே 6300 ஆங்ஸ்ட்ராமில் உள்ள ஒரு கோடு 0.042 ஆங்ஸ்ட்ராம் நகரும். அதை 9ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். உங்கள் பள்ளி அளவுகோலில் உள்ள சிறு கோட்டிடைவெளியில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும் வாயுவின் வேகத்தை ஏறக்குறைய அளவுகோலாலேயே தொட்டுவிடலாம் என்னும் நிலை!

பழையதை மூட்டை கட்டவில்லை

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பெரிய கருவி வந்த பிறகு 1904ஆம் ஆண்டுப் பழங்கருவி எதற்கு? நம் வீடுகளில் கிரைண்டர் வந்ததும் ஆட்டுக்கல் கொல்லைப்புறம் போய்விட்டது. கோடைக்கானலில் அப்படிச் செய்யவில்லை. சுரங்கத் தொலைநோக்கி நுண்ணாய்வுக்குப் போயிற்று. 6 சென்டிமீட்டர்க் கதிரவனை நாள்தோறும் எடுக்கும் பழைய வேலை, வானம் தெளிந்த ஒவ்வொரு காலையும் அப்படியே தொடர்ந்தது.

இதில் பழைமைப் பற்று மட்டும் இல்லை. 34 சென்டிமீட்டர்ப் படத்தைக் கீற்று கீற்றாய்க் கடந்து முழுக் கதிரவனையும் எடுப்பது நீண்ட வேலை. எடுத்து முடிப்பதற்குள் மேகம் வந்துவிடும். புது கருவி வீட்டு வரைபடம், பழையது ஊர் வரைபடம். வீட்டு வரைபடம் எவ்வளவு நுட்பமானாலும் ஊருக்கு வழி சொல்லாது. ஆனால் என் பார்வையில் பெரிய காரணம் வேறு: அரை ஆங்ஸ்ட்ராம் பிளவும் 6 சென்டிமீட்டர்ப் படமும் மாறாமல் இருந்தால்தான் 1910ஆம் ஆண்டுக் கதிரவனை 1970ஆம் ஆண்டுக் கதிரவன் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

அப்படி ஒப்பிட்டதன் பயனும் கிடைத்தது. கால்சியப் படத்தில் கதிரவன் முகம் முழுதும் ஒரு மீன்வலை விரித்தாற்போலத் தெரியும். ஒவ்வொரு வலைக்கண்ணும் 30,000 கிலோமீட்டர் அளவுடையது. பழைய படத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஜகதேவ் சிங்கும் பாப்புவும் பல சுழற்சிக் காலத்துத் தட்டுகளை அளந்து 1981இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் வலைக்கண்கள் சற்றுச் சிறுக்கின்றன என்பதே அது. வேறுபாடு சில விழுக்காடுதான். இடையில் எங்கோ ஆடியும் பிளவும் மாறியிருந்தால் அந்தச் சில விழுக்காட்டை யார் நம்புவார்கள்? கருவியின் கோளாறு என்று ஒதுக்கியிருப்பார்கள்.

தட்டிலிருந்து சில்லுக்கு

ஒளிப்படத் தட்டுக்கும் சுருளுக்கும் காலம் முடிந்துகொண்டிருந்தது. உலகெங்கும் மின்னணுப் படச்சில்லுகள் வந்தன. பழைய படப்பூச்சைச் செய்துதர ஆலைகளே அரிதாயின. 1990களின் பிற்பகுதியில் கோடைக்கானலிலும் கால்சியப் படங்களைச் சில்லில் எடுக்கத் தொடங்கினார்கள். 2008 முதல் 15 சென்டிமீட்டர் ஆடி கொண்ட இரட்டைத் தொலைநோக்கி அங்கே வேலை செய்யலாயிற்று. அதன் ஒரு குழல் கால்சிய நிறத்தைப் பார்த்தது, மற்றது வெள்ளொளியை. பழைய கருவியின் கால்சியப் படங்கள் 2007வரை வந்தன.

புதிய முறையில் இரட்டைப் பிளவு இல்லை. ஒரு நிற வடிகட்டி உண்டு. முழுக் கதிரவனும் ஒரே நொடியில் பதிவாகிறது. கதவிடுக்கு போய்க் கதவே திறந்துவிட்டது. ஆனால் வடிகட்டி விடும் அகலம் 1.2 ஆங்ஸ்ட்ராம். பழைய பிளவு அரை ஆங்ஸ்ட்ராம் என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? இரண்டு மடங்குக்கு மேல் அகன்றுவிட்டது. அகன்ற வாசல் வழியே கே கோட்டின் ஓரங்களும் உள்ளே வருகின்றன. அவற்றோடு கீழ் அடுக்கின் ஒளியும் வருகிறது. அதனால் புள்ளிகள் முன்னைவிடக் கருமையாகவும், ஒளிர்திட்டுகள் முன்னைவிட மங்கலாகவும் தோன்றும். கதிரவனில் ஒரு மாற்றமும் இல்லை. அறியாதவர் இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டினால், 21ஆம் நூற்றாண்டு பிறந்ததும் கதிரவனின் நிறமண்டலம் சோர்ந்துவிட்டது என்று கட்டுரை எழுதிவிடுவார்!

நல்லவேளையாக முதல் சில்லுப் படங்களும் பழைய கருவியின் படங்களும் ஒரே மலையில் சில ஆண்டுகள் உடன் ஓடின. வோல்ஃபும் வோல்ஃபரும் செய்ததைக் கருவிகள் செய்தன. அது மட்டும் போதாதபோது வேறு கூடங்களின் துணையும் உண்டு. அமெரிக்காவில் வில்சன் மலையில் 1915 முதல் 1985 வரை இதே கால்சிய நிறத்தில் படங்கள் எடுத்தார்கள். ரோமில் 1996 முதல் சில்லுப் படங்கள் உள்ளன. ஒரே நாளில் வெவ்வேறு ஊர்களில் எடுத்த படங்களை அருகருகே வைத்து, ஒன்றில் இவ்வளவு ஒளிர்ந்த திட்டு மற்றதில் எவ்வளவு என்று ஒப்பிட்டுத்தான் தையல் போடுகிறார்கள்.

தையல் போடுமுன் பழைய தட்டுகளை எண்களாக்க வேண்டியிருந்தது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் ஒவ்வொன்றையும் பக்கத்துக்கு 4,096 புள்ளிகள் கொண்ட படமாக மாற்றினார்கள். அப்போதுதான் பழைய குறிப்பேட்டின் அருமை தெரிந்தது. நேரம் சரியாக எழுதியிருந்த தட்டில் வடக்கைத் திருப்பி வைக்க ஒரு சூத்திரம் போதும். நேரம் தவறியிருந்த தட்டிலோ புள்ளிகளை முந்திய நாள், அடுத்த நாள் படங்களோடு ஒப்பிட்டுத் தேட வேண்டும். பெயர் அச்சில் வராத எத்தனையோ ஊழியர்கள் குளிரில் விறைத்த விரல்களால் எழுதிய நேரங்கள் அவை.

2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் பெரிய கருவியைச் செய்து தந்ததும் இதே நிறுவனம்தான். அங்கே காற்றும் இல்லை, மேகமும் இல்லை. ஆனால் விண்கலம் எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும் 1907ஆம் ஆண்டுக் கதிரவனைப் போய்ப் பார்க்க முடியாது. அதற்கு அந்த 6 சென்டிமீட்டர் மாதுளைதான் வேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்க

நீளம் கூடினால் என்ன நிகழும் என்பதை உங்கள் வீட்டுச் சுவரிலேயே காணலாம். ஒரு சிறு முகக்கண்ணாடியின் மேல் கறுப்புத் தாளை ஒட்டி, நடுவில் 5 மில்லிமீட்டர் அளவு ஓட்டை இடுங்கள். அதைச் சன்னலில் வெயில் படும்படி நிறுத்தி, ஒளியை அறைக்குள் நிழலான சுவர்மேல் விழச் செய்யுங்கள். கதிரவனையும் கண்ணாடியில் தெரியும் கதிரவனையும் ஒருபோதும் நேரே பார்க்கக் கூடாது. சுவரை மட்டும் பாருங்கள். சுவர் 3 மீட்டரில் இருந்தால் வட்டம் சுமார் 3 சென்டிமீட்டர். சிறியது, பளிச்சென்று தெரியும், ஆனால் ஓட்டையின் அகலத்தால் ஓரம் மங்கியிருக்கும். 12 மீட்டருக்குக் கொண்டுபோங்கள். பள்ளிக்கூடத் தாழ்வாரம் வசதி. வட்டம் 11 சென்டிமீட்டர் ஆகும், ஒளியோ ஏறக்குறைய 16இல் ஒரு பங்காகும், மதிய நேரமானால் விளிம்பு நெளிவதும் தெரியும். பெரிய புள்ளி இருக்கும் காலத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். ஒரு வாரம் 3 மீட்டரில் வரைந்துவிட்டு அடுத்த வாரம் 12 மீட்டருக்கு மாறுவதாக இருந்தால், இடையில் இரண்டு நாளாவது இரண்டு தொலைவிலும் வரையுங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் நாள், மணி, தொலைவு, ஓட்டையின் விட்டம் நான்கையும் எழுதுங்கள்.